காரணம்: கட்டாயமில்லை

தக்கலை மேட்டுக்கடையில்
அண்ணனின் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னறை.
இன்வெர்ட்டருக்கும் பழைய பீரோவுக்கும் நடுவில்
செருப்பு டப்பா அளவில் என் சர்வர்.
பெயர் வள்ளியாறு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் குடியிருக்கிறார்கள்:
ரப்பர் வெட்டுகிறவர்கள், நர்ஸுகள்,
நெத்திலி விலை மட்டும் போடுகிற ஒருவர்,
தன் பூனையைத் தவிர வேறெதுவும் பேசாத
கருங்கல் வாத்தியார்.

விதிகள் ஏழு எழுதி ஒட்டியிருக்கிறேன்.
யாரும் வாசிப்பதில்லை.
ஆறாவதில் எழுத்துப்பிழை இருப்பதை
இரண்டு வருஷம் கழித்து
நான்தான் கண்டுபிடித்தேன்.

அவன் பெயர் ஒத்தப்பனை.
நல்லவனாகத்தான் வந்தான்.
பேச்சிப்பாறை மதகு திறந்த அன்று
எல்லோருக்கும் முன்னால் சொன்னவன்.
பிறகு பெல்சிட்டாவுக்கு எழுத ஆரம்பித்தான்.
காலையில் ஒன்று,
ஆசாரிப்பள்ளத்தில் அவள் டியூட்டி முடிகிற நேரத்தில் ஒன்று,
பதில் வராத நாளில் பதினெட்டு.
"உன் வீடு தெரியும்" என்று ஒருநாள்.
"சும்மா சொன்னேன் மன்னிச்சிறு" என்று மறுநாள்.
எப்போதும் அந்த வல்லின றகரம்.

பொத்தானை அழுத்தினேன்.
காரணம் என்று ஒரு பெட்டி கேட்டது,
பக்கத்தில் சின்னதாக: கட்டாயமில்லை.
'தொல்லை' என்று அடித்துவிட்டுச்
சாப்பிடப் போனேன்.

மறுநாள் அவன் கோதையாற்றில் இருந்தான்.
குலசேகரத்துக்காரர் ஒருவர் நடத்தும் சர்வர்.
வருகிறவனிடம் பேர்கூடக் கேட்பதில்லை.
அங்கே நின்றுகொண்டு இங்கே எறிந்தான்.
அவருக்கு எழுதினேன்.
"இங்க அவன் ஒதுக்கமாத்தான் இருக்கான் பிள்ளே.
ஒங்க வீட்டுச் சண்டைய எங்க முற்றத்துலயா தீக்கணும்?"
மூன்று நாள் மாறிமாறி எழுதினோம்.
நாலாம் நாள்
கோதையாற்றை மொத்தமாக அடைத்தேன்.

அருமனை ஜெசிந்தாவுக்கும்
தோகாவில் இருக்கும் அவள் தங்கைக்கும் நடந்த
மீன்கறிக்குப் புளியா மாங்காயா சண்டை
பாதியில் நின்றது.
பூனையின் வாசகர்கள் எண்பது பேர்
ஒரே ராத்திரியில் இல்லை.
வாத்தியார் ஒரு வரி எழுதினார்:
"பூனை என்ன செய்தது?"
பதில் எழுதினேன். அழித்தேன்.
எழுதினேன்.

அடுத்த வாரம்
பெர்லினிலோ பெங்களூரிலோ ஒரு பெரிய சர்வர்
கோதையாற்றையும் வள்ளியாற்றையும்
ஒரே பட்டியலில் போட்டு அடைத்தது.
எங்கள் பெயருக்கு எதிரே ஒற்றைச் சொல்.
தொல்லை.
என்னுடையதேதான்.
யாரோ பார்த்து எழுதியிருக்கிறார்கள்,
யாரைப் பற்றி என்று பார்க்காமல்.

வில்லுக்குறி தாண்டி ஸ்கூட்டர் படுத்துவிட்டது.
பஞ்சர் கடைத் தகரத்தில் நீலப் பெயின்ட்:
இன்று கடன் இல்லை மன்னிச்சிறு.
வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது.
அவன் நாற்பது வயதிருப்பான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி
அங்குலம் அங்குலமாகக் குமிழி தேடினான்.
கண்ட இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டான்.
அந்த வட்டத்தை மட்டும் தேய்த்து ஒட்டினான்.

அவன்தானா?
அந்தப் பிழையை ஆயிரம் பேர் எழுதுவார்கள்.
என் ஆறாம் விதி:
'எல்லோரிடமும் மறியாதை.'

எழுபது ரூபாய்.
கையைத் துடைத்துவிட்டு மீதி முப்பது தந்தான்.
நான் எண்ணாமல் கிளம்பினேன்.

ராத்திரி பெட்டியைத் திறந்தேன்.
பெல்சிட்டாவிடம் கேட்டேன், போடலாமா என்று.
பேரு வேண்டாம், எண்ணிக்கைய போடு என்றாள்.
ஜூன் முதல் ஆகஸ்ட் வரை,
ஒரே பெண்ணுக்கு,
நூற்று நாற்பத்தொரு செய்திகள்.
நான்கில் அவள் வீட்டுக்கு வரும் வழி.
அவள் நைட் டியூட்டிக்கு மாறிக்கொண்டாள்.
தடை நீடிக்கிறது.

கோதையாற்றைத் திறந்தேன்,
அவன் ஒருவனுக்கு மட்டும் அடைப்பு வைத்து.
குலசேகரத்துக்காரருக்கும் அந்த எண்ணிக்கையை அனுப்பினேன்.
இரண்டு மணிநேரம் சத்தமில்லை.
பிறகு: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே பிள்ளே."

பூனை அன்றிரவே வந்தது,
அரிசிமூட்டைமேல் தூங்கிக்கொண்டு.
தோகாவிலிருந்து பதில்: மாங்காய்தான்.
பெர்லினோ பெங்களூரோ
இன்னும் திறக்கவில்லை.
அவர்களுக்கு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.
கட்டாயமில்லைதான்.