கோல்கீப்பர்

புன்டா அரீனஸில் காற்று வலுக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.

வெள்ளிக்கிழமை மாலை. சமூகக் கூடத்தின் பின்னறை.
இருமும் கேஸ் ஹீட்டர், ரொட்டி, ரூபார்ப் ஜாம்.
பெரியவர்கள் கிடையாது.
சாவி தானிட்சாவிடம். அவளுக்குப் பதினாறு,
எனக்குப் பதினைந்தரை.
எங்களிடம் இருந்த ஒரே விதி:
‘ஏன் பேசவே மாட்டேங்கிற’ என்று
யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

(என்னைக் கேட்டவர்கள் எல்லோருக்குமான பதிலை
இரவில் தலையணையிடம் சொல்லியிருக்கிறேன்.
நல்ல பதில்கள்தான்.)

செப்டம்பரில் எலிசேயோ வந்தான்.
பதின்மூன்று வயது. கதவோர நாற்காலி.
கோட்டு ஜிப் கழுத்துவரை,
ஒரு கை எப்போதும் பைக்குள்.

அதே வாரம்
மேசைக் கால்பந்தில், தளர்ந்த கம்பியிலிருந்து
சிவப்பு அணியின் கோல்கீப்பர் காணாமல் போனான்.
யெர்கோ ஒரு பாட்டில் தக்கையைச் செருகி
பேனாவால் மீசை வரைந்தான்.
தக்கை மோசமாக ஆடவில்லை.

மூன்றாம் வாரம் என் புத்தியில் உதித்த யோசனை:
வட்டமாக உட்கார்ந்து
ஆளுக்கொரு பிடித்த விலங்கைச் சொல்லலாம்.
எலிசேயோ தன் ஷூவைப் பார்த்தான்,
பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.
‘பென்குயின்’ என்றாள் அயெலேன், அவனுக்காக.
அதோடு வட்டத்தைக் கலைத்தோம்.
பிறகு ரொட்டி வெட்டினோம், சீட்டாடினோம்,
அவன் நாற்காலியைத் தாண்டிப் போகும்போது
‘கொஞ்சம் வழி’ என்றோம், அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு வெள்ளி
கூடத்தைப் பூட்டித் திரும்பினால் காற்று!
ஆறு பேரும் ஒரே கயிற்றில்,
கொடியில் போட்ட துணிகளாய்ப் படபடத்தோம்.
அந்தக் காற்றில் மெதுவாகப் பேசவே முடியாது.
பேசினால் கத்தத்தான் வேண்டும்.
எல்லோரும் கத்தும்போது
யார் குரலும் தனியாகக் கூசுவதில்லை.

எனக்குப் பின்னால் ஏதோ சத்தம்.
‘என்ன?’
மறுபடியும் சத்தம்.
‘என்னது? கேக்கல!’
‘கோல்கீப்பர்
என்கிட்டதான் இருக்கான்!’

கயிறே ஒரு கணம் நின்றது போலிருந்தது.
‘கையில பிடிச்சுக்க
ஏதாவது வேணும்போல இருந்துச்சு!’
அதையும் கத்தித்தான் சொன்னான்,
தெருவுக்கே கேட்கும்படி.
முதலில் சிரித்தது தானிட்சா.
அந்தச் சிரிப்பைக் காற்று இழுத்துப்போய்
மகெல்லன் நீரிணையில் எறிந்தது.

அடுத்த வெள்ளி மேசைமேல் கோல்கீப்பர்,
விரல் தேய்த்துத் தேய்த்து முகம் போனவன்.
இவனா தக்கையா என்று ஓட்டெடுப்பு.
தக்கைக்கு நான்கு ஓட்டு,
அதில் ஒன்று எலிசேயோவுடையது.
யெர்கோ பொம்மையை அவனிடமே நீட்டினான்:
‘மாற்று ஆட்டக்காரன். தொலைச்சிடாதே.’
ஜிப் பாதிவரை இறங்கியிருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை.
இரண்டு வருடமாக
டோமினோ பெட்டியில் ஒரு கட்டை குறைகிறது.
இருபக்கமும் புள்ளியே இல்லாத கட்டை.
இன்னும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.