சக்கை

பாசியைக் காய்ச்சி வடித்தபின்
துணியில் மிஞ்சுவதை நாங்கள் சக்கை என்போம்.
கொம்பனிக் கணக்குப் புத்தகத்தில்
அதற்குப் பெயர் கிடையாது.
பின்வேலிக்கு அப்பால் கொட்டு, அவ்வளவுதான்.
கொட்டினால் ஈ.
மூன்றாம் நாள் உப்பாற்றுப் பாலம்வரை மணக்கும்.

மாசி மாதம். வட்டை முழுக்க வேளாண்மை நிற்கிறது.
மாட்டை அவிழ்த்தால் வழக்கு பொலிசுக்குப் போகும்.
கட்டிக்கிடந்த செவலை நாம்பனுக்கு
வைக்கோல், மறுபடி வைக்கோல்.
அதன் விலாவை
கிணற்றடியில் நின்றே எண்ணலாம்.

ஒரு உரப்பை சக்கை,
சைக்கிள் கரியரில் வைத்து
வழிநெடுகத் தண்ணீர் சொட்டக் கொண்டுவந்தேன்.
முகர்ந்தது.
யாரோ கெட்ட வார்த்தை சொன்னமாதிரி
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

கால்நடைக் கந்தோர் பவதாரணி மிஸ் சொன்னா:
மூன்று தண்ணியில் அலசுங்க, உப்பு இறங்கட்டும்.
ஒரு பங்குக்கு நாலு பங்கு தவிடு.
அவசரம் வேண்டாம்,
நாலு வயிறும் அதோடு பழகணும்.

இன்னொன்றும் சொன்னா,
மாட்டின் ஏப்பம் வானத்தைச் சூடாக்குதாம்,
சிலவகைப் பாசி அதை அடக்குமாம்.
'உங்கட சக்கை அடக்குமோ, எனக்குத் தெரியாது.'
தெரியாது என்று சொன்ன முதல் உத்தியோகத்தர்.
அன்றிரவு நாம்பனின் வாயருகே காதை வைத்தேன்.
நீளமாய் ஒன்று விட்டது, தவிட்டுச் சூட்டோடு.
மேலே வானம்
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நோன்பு வந்தது.
பீங்கானில் ரோஸ் நிறக் கடல்பாசி,
வாங்கு சொல்லும்வரை வெட்டிய துண்டுகள்
தாமாய் ஆடிக்கொண்டிருந்தன.
மகன் அஸ்பாக் விரலால் தொட்டான்:
'இதுட மிச்சம்தானா உம்மா மாட்டுக்கு?'
ஓம் மனே.
நமக்கு அதன் நடுக்கம்.
எலும்பு அதுக்கு.

தையல் நாடாவை நெஞ்சைச் சுற்றிப் பிடித்து
வெள்ளிக்கு வெள்ளி அளந்தேன்.
ஐம்பத்துநாலு. ஐம்பத்துநாலு.
ஐம்பத்தாறரை.
சித்திரை கழிய நாடா தீர்ந்தது.
மிச்சத்தை விரலால் அளந்தேன்.

ஒருநாள் சாணியில் நீல நைலோன் நூல்,
எந்த வலையினதோ, ஒரு சாண் நீளம்.
விடியும்வரை அசைபோடும் சத்தம் கேட்கிறதா என்று
படுத்தபடியே காது கொடுத்திருந்தேன்.
அதன்பின் சக்கையை அரிசிபோல் கிளறிப் பார்த்தேன்,
சிப்பித் துண்டு, பஞ்சு, ஒருமுறை
தூண்டில் முள்.

பார்த்த பெண்கள் அவரவர் பையோடு வந்தார்கள்.
அடுத்த கிழமை கொம்பனி வேலியில் பலகை தொங்கியது:
சக்கை கிலோ பன்னிரண்டு ரூபா.
பெயரும் வந்தது, விலையும் வந்தது,
ஈ மட்டும் போகவில்லை.

ஹஜ்ஜுக்குப் பத்து நாள் இருக்க முக்தார் காக்கா வந்தார்.
தொடையைத் தட்டினார், வாலடியை அமுக்கினார்.
'கடல் தின்ற மாடு, இறைச்சி மீன் மணக்குமே'
என்று எட்டாயிரம் இறக்கினார்.
சுறா அறுத்த கையைக் கழுவாமல் சோறு தின்கிற மனிசன்!
நாலாயிரத்தில் நின்றோம்.
அந்தக் காசில் கூரைத் தகரம்,
அஸ்பாக்குக்குச் சப்பாத்து.

லொறி ஒழுங்கைக்குள் வராது.
குடாக்கரை வழியாய் நானே நடத்திக்கொண்டு போனேன்.
கச்சான் தொடங்கியிருந்தது, மணல் காலில் குத்தியது.
பிறந்ததிலிருந்து பட்டியில் நின்ற மாடு,
தண்ணீர் இவ்வளவு பெரிதென்று கண்டதில்லை.
மிரளும் என்று கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
மிரளவில்லை.
அலை ஒதுக்கிய பச்சைப் பாசியில் முகம் வைத்தது,
அலசாதது, உப்போடு, மணலோடு.
குடாவையே தன் தொட்டி என்று எண்ணியதோ என்னவோ,
மெதுவாய், தொடர்ந்து, தின்றது.

லொறி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது.
நான் கயிற்றை இழுக்கவில்லை,
அது தலை நிமிர்த்தும்வரை.