பதினான்காவது குழாய்

ஐஸ் இயந்திரம் கெட்டு மூன்று வாரம்.
காலை ஏழரைக்கு ஊத்தான் மெலிந்தாங் பாசாரில்
ஐஸ் காச்சாங் விற்கும் ஆ சியோங்கிடம்
இரண்டு ரிங்கிட்டுக்குச் சீவல் வாங்குகிறேன்.
"மீன் எங்கே?" என்கிறார் மலாயில்.
தினமும் கேட்கிறார்.
மீனில்லை. ஒரு புட்டியின் அடியில்
கடுகளவு திரவம்.
அதன் விலை தெரிந்தால்
என்னைக் கிறுக்கி என்பார்.

சுழியத்துக்கு இருபது கீழே கிடந்தும்
உறையாத பாலிமரேஸ்.
கிளிசராலில் மிதக்கவிட்டிருக்கிறார்கள், பாகுபோல.
பிப்பெட் நுனி அதன் மேல்தோலைத் தொட்டால் போதும்.
ஆழ முக்கினால் வெளியே ஒட்டிக்கொண்டு
என் அரைநாள் சம்பளம் வழிந்துபோகும்.
மூச்சைப் பிடித்துத்தான் எடுப்பேன்.
ஹஸ்லிண்டா கதவோரம் நின்று
"முடிஞ்சதா, மூச்சு விடலாமா?" என்பாள்.

வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு கிருமியின் சொத்து அது.
தொண்ணூற்றைந்து பாகையில்
டிஎன்ஏயின் இரட்டை இழை பிரிந்து நிற்க,
இது வேகாமல் காத்திருக்கும்.
சூடு தணிந்து பிரைமர் போய் ஒட்டியதும்
அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு
எழுத்துக்கு எழுத்து கோக்கத் தொடங்கும்.
ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக,
முப்பத்தைந்து சுற்றில்
மூவாயிரத்து நானூறு கோடி, கணக்குப்படி.
யாருடைய எழுத்து என்று மட்டும்
ஒருநாளும் கேட்காது.

பதினெட்டாம் பிளாக்கில் பன்னிரண்டு செம்பனை.
வாஹ்யூ அடித்தண்டில் துளையிட்டு
தூளைப் பையிலிட்டு எண் எழுதித் தந்தான்.
வேரில் கானோடெர்மா நுழைந்தால்
வெளியே காளான் குடை விரியுமுன்
உள்ளே பாதி மரம் சோறாகியிருக்கும்.
வெள்ளிக்கிழமை பேக்கோ வருகிறது, வாடகைக்கு.
எதைச் சாய்ப்பது என்று நான் சொல்லவேண்டும்.

முதல் குழாயில் தெரிந்த நோய்.
நடுவில் பன்னிரண்டு மரம்.
பதினான்காவதில் வெறும் தண்ணீர்,
அது இருட்டாக இருந்தால்தான்
மற்றவை பேசுவது பேச்சு.

புதன் மாலை நீல விளக்கைப் போட்டேன்.
பதினான்கும் எரிந்தன.

தண்ணீருக்கும் காளான் நோய்.

"தண்ணிய விடும்மா, மரத்துக்கு என்ன?"
லோகேந்திரன் சார் தொலைபேசியில்.
"இந்தப் பட்டியல்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்."
அந்தப் பக்கம் ஒரு லோரி கடந்துபோகும் சத்தம்.
பிறகு, "வெள்ளி காலைல" என்றார்.

வியாழன் முழுக்கத் துடைத்தேன்.
மேசை, பிப்பெட், புட்டிகளின் கழுத்து.
பழைய தண்ணீரைக் கொட்டினேன். குழாய்களைப் புதிதாகப் பிரித்தேன்.
பாலிமரேஸையும் சந்தேகப்பட்டேன், அதனிடம் வெட்கப்பட்டேன்.
பின்ஜன்னல் கண்ணாடிப் பட்டை ஒன்று
சாத்தாமல் நின்றது. முப்பது அடியில் செம்பனை வரிசை.
இரவெல்லாம் காளான் தூவும் வித்துத்தூள்
அந்த வழியாக வந்ததா,
மரத்தூள் அரைத்த என் சட்டைக்கை கொண்டுவந்ததா,
இன்றும் தெரியாது.
இரண்டுக்கும் சேர்த்து
பட்டையை டேப் போட்டு ஒட்டினேன்,
சட்டையை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

புட்டியில் மிச்சம் ஒரு சுற்றுக்குத்தான்.
வெள்ளி விடியுமுன் பதினைந்து பேருக்குக் கலக்கினேன்,
ஒன்று எப்போதும் விரலோரம் சிந்தும்.
முனை பாகைத் தொட்டது. மேலே வந்தது.
ஹஸ்லிண்டா எதுவும் சொல்லவில்லை.

பதினான்காவது இருட்டு.
அவ்வளவு அழகான இருட்டை நான் பார்த்ததில்லை.
மரங்களில் ஐந்து எரிந்தன.
குருத்து விரியாமல் கோணி நின்ற நான்காம் மரத்தில்
ஒன்றுமில்லை.
ஒன்பதாம் மரத்தில் இருந்தது.
"போன வாரம் மூணு குலை வெட்டினேனே" என்றான் வாஹ்யூ,
தாளைத் திருப்பித் தந்துவிட்டு
சிவப்புச் சாய டப்பாவை எடுத்துக்கொண்டு போனான்.

பதினொரு மணிக்கு பேக்கோ சத்தம் கேட்டது.

பாசாரில் ஆ சியோங் கையில் சீவலுடன்
"மீன் வித்துப்போச்சா?" என்றார்.
தீர்ந்துபோச்சு என்றேன்.
அடுத்த புட்டி வர பத்து நாளாகும்.
அதுவரை பெட்டிக்கு ஐஸ் வேண்டாம்,
ஒரு கிண்ணம் போடுங்கள், சாப்பிட.
சிவப்புப் பாகை
அவர் ஆழ முக்கி, வழிய வழிய
ஊற்றினார்.