ஆறு வருடக் கழிவு

பிரதேச செயலகத்தில், மூன்றாம் மேசையில்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அந்தப் பிள்ளை சொன்னாள்:
"அக்கா, உங்களுக்கு ஐம்பத்தாறுதானே.
முதியோர் அட்டைக்கு
இன்னும் நாலு வருஷம் பொறுங்கோ."

பொறுக்கலாம்.
முழங்காலிடம் யார் போய்ச் சொல்வது?

எண்பத்தைந்தில் வீடு எரிந்தபோது
பெட்டியோடு போனது பிறப்புப் பத்திரம்.
உத்தேச வயதுக்கு அம்மா கூட்டிப்போனாள்.
டொக்டர் பல்லைப் பார்த்தார்,
மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்,
"எத்தனை இருக்கும்?"
"பதினேழு" என்றாள் அம்மா, கூசாமல்.
எனக்கு அப்போது இருபத்திமூன்று.

மட்டக்களப்பில் ஒரு வரன் பேச்சிலிருந்தது.
வயது கூடினால் சீதனம் கூடும்.
ஆறு வருடம் கழித்தால்
பாலையூற்றில் பத்துப் பேர்ச் காணி மிஞ்சும்.
அவர் வந்தார்,
இரண்டு றோல்ஸ் சாப்பிட்டார்,
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பினார்.
காணியும் பிறகு போயிற்று.
கழிவு மட்டும் என்னோடு நின்றுவிட்டது.

தங்கச்சி லோஜினியின் பத்திரம்
பள்ளிக்கூட அலுமாரியில் தப்பிக் கிடந்தது.
ஆகவே அவளுக்கு அறுபது.
இடுப்பில் நான் தூக்கித் திரிந்தவள்
என்னைவிட நாலு வயது மூத்தவள் இப்போது,
அரசாங்கக் கணக்கில்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
சீனி வருத்தம் பத்திரம் பார்த்து வருவதில்லை,
இருவருக்கும் ஒரே குளிசைதான்.
லோஜினி அட்டையை நீட்டி முன்னே போகிறாள்.
கொப்பி இரண்டைக் கண்டு
மிஸ் தலை நிமிர்த்தாமல் கேட்கிறா:
"மற்றது ஆர்?"
"என்ட தங்கச்சி."

சிரிக்கவில்லை அவள்.
அம்மாவின் குரல் அப்படியே.

"அட்டை இல்லையெண்டா வரிசையில நிக்கச் சொல்லுங்கோ."

நிற்கிறேன்.
எனக்குப் பின்னால் நிற்கிற ஐயா
"இளம் ஆள்தானே நீங்கள், கொஞ்சம் விடுங்கோ" என்று
அட்டையைக் காட்டித் தாண்டுகிறார்.
கோபம் வந்திருக்க வேண்டும்.
வந்தது என்னவோ
முப்பத்தொன்பது வருடம் பிந்தின ஒரு வெட்கம்.
சேலைத் தலைப்பைச் சரிசெய்து கொண்டேன்.

லோஜினி மருந்துக் கடையில்
தன் அட்டைக்குக் கழித்துக் கொடுத்த காசை
என் கையில் திணித்து
"பிளேன்டீ குடிப்பம்" என்கிறாள்.
பொறு என்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை.

வெளியே மதிலோரம் ஒரு மான்,
யாரோ எறிந்த இலக்கத் துண்டைத்
தின்றுகொண்டிருக்கிறது.
நாற்பத்தேழு.
என்னுடையது எண்பத்தொன்று.
கைக்குள் பொத்திக்கொள்கிறேன்.