கோசோங்

எட்டே கால். ரயிலேறவில்லை.
யீஷூனில் எங்கள் புளோக்குக்குப் பின்னால்
காப்பிக்கடைக்குப் போய்
"தே ஓ கோசோங்" என்றேன்.

பாலில்லை, சீனியில்லை;
பலதுறை மருந்தகத்தில் தாதி
என் எண்ணை வட்டமிட்டதிலிருந்து இதுதான்.
கடைக்காரர் இப்போது என்னையே
கோசோங் என்று கூப்பிடுகிறார்.
வெற்று என்று அர்த்தம். தப்பில்லை.
பதினொரு வருடம் வேலை பார்த்த இடத்தில்
நேற்று வந்த ஒருவன்
நான் போட்டுக்கொடுத்த எக்செல் தாளில்
எனக்கே மதிப்பெண் போடுகிறான்.

மூலை மேசையில் லோகேஸ்வரி.
இரண்டு முட்டை பிராட்டா, தொட்டுக்கொள்ளச் சீனி.
வீட்டில் எல்லாருக்கும் பழுப்பரிசி வடிப்பவள்,
உருளைக்கிழங்கை நாடு கடத்தியவள்.

என்னைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினாள்,
கன்னம் மட்டும் உப்பியபடி.
அவளுக்கு ஒரு கேள்வி, எனக்கு ஒன்று.
இரண்டையும் யாரும் எழுப்பவில்லை.

ஆறு வாரமாக அனுப்பாத ராஜினாமாக் கடிதத்தைத்
திறந்து தட்டருகே வைத்தேன்.
படித்தாள்.
விரல் சீனி திரையில் ஒட்டியது.
"ரெண்டாவது வரியில எழுத்துப்பிழை."
திருத்தினாள்.
அனுப்பவுமில்லை, அழிக்கவுமில்லை.

பிறகு பிராட்டாவின் மொறுமொறு ஓரத்தைக் கிள்ளி
என் பக்கம் நகர்த்தினாள்,
சீனி படாத துண்டாகப் பார்த்து.

"யுவேந்திரன் கேம்ப்லேர்ந்து வந்தா சொல்லிடாதீங்க."
எதை என்று நான் கேட்கவில்லை.