ஒரு விரல் இடம்

இரவு மூன்று பத்துக்கு அழைத்தவர் எலெயூத்தேரியோ.
"பெரியது வருமா?"
வணக்கம் சொல்லவில்லை.
இந்த ஊரில் இப்போது யாரும் சொல்வதில்லை.

நகராட்சி மாடியில் நான், ஒரு தொலைபேசி,
சுவரில் ஒட்டிய ஒரு தாள்.
தாளில் சாந்தியாகோவிலிருந்து வந்த இரண்டு வரி:
இப்போதைக்குக் கூற இயலாது.
காலணிகளைக் கட்டிலருகே வையுங்கள்.
முதல் வரியைப் படிக்கும்போது
என் குரல் அரசாங்கத்துடையது.
இரண்டாவதில்தான் எனக்குத் திரும்பி வரும்.

பதினாறு நாளாய் ஆடுகிறது
சிலியின் வடக்கோரம், எங்கள் துறைமுகம்.
பெரிதாய் ஒன்றுமில்லை.
மீன்மாவு ஆலைக்குப் பின்னால் லாரி திரும்புகிற மாதிரி.
பக்கத்து வீட்டுக்காரன் அலமாரியை நகர்த்துகிற மாதிரி.
சில நேரம்
யாரோ கட்டில் விளிம்பில் வந்து உட்காருகிற மாதிரி.
விளக்கைப் போட்டால் யாருமில்லை.

ரொட்டிக்கடை ஒத்திலியா
கண்ணாடிக் குவளைகளை எல்லாம் தரையில் இறக்கிவிட்டாள்.
வாடிக்கையாளர்கள் அவற்றைத் தாண்டித் தாண்டி வந்து
ரொட்டி வாங்கிப் போகிறார்கள்.
எலெயூத்தேரியோ குடும்பத்தோடு மலைமேல்,
கல்லறைக்கு அப்பால், லாரியில் தூங்குகிறார்.
"செத்தவர்கள் அலைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறார்கள்.
உயிரோடிருப்பவன் கீழே கிடப்பதா?"
தாளில் அதற்குப் பதில் இல்லை.

கருவிகள் பதிக்க வந்த இஸ்மேனியா
ஒரு மாலை என் நாற்காலியில் உட்கார்ந்து
காலுறையிலிருந்து மணலைத் தட்டியபடி சொன்னாள்:
"ஏறக்குறைய இருபதில் பத்தொன்பது சும்மா போய்விடும்.
ஒன்று போகாது."
அந்த ஒன்றுக்கு அடையாளம்?
"இல்லை. நடை, குரல், எல்லாம்
மற்ற பத்தொன்பதைப் போலத்தான்.
பெரியது வந்த பிறகு
அதற்கு முன்னதிர்வு என்று பெயர் வைப்போம்.
வராவிட்டால் வெறும் அதிர்வு."

அவள் போனபின் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முன்.
கண் முன் என்றால் இதோ இருப்பது.
வருடங்களுக்கு முன் என்றால் போய்விட்டது.
இந்த முன் இரண்டிலும் சேராது.
பின்னால் வந்து
முன்னால் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டாம் கல்யாணம் நடக்கும்வரை
யாரும் முதல் மனைவி இல்லை.
நோல்பெர்த்தோ எனக்கு அந்தப் பெயரை
ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தான், தேவாலயத்தில், வேறொருத்தியோடு.
பிறகு எண்ணிப் பார்த்தேன்:
சாத்திய கதவுகள்,
உப்பு போதவில்லை என்று தள்ளிய தட்டு,
பாதியில் நின்ற வாக்கியங்கள்.
எல்லாம் வரிசையாய் வந்து நின்றன,
முன்பே தெரிந்தவை போல.
அதே கதவுகளை அதே வேகத்தில் சாத்திக்கொண்டு
பத்தொன்பது வீட்டில் இன்றும் சேர்ந்தே இருக்கிறார்கள்.
ஒத்திலியாவும் அவள் புருஷனும் அப்படித்தான்.

பதினேழாம் நாள் ஆடவில்லை.
பதினெட்டும்.
ஒத்திலியா குவளைகளை மேலே ஏற்றினாள்,
ஒரு வரிசையைத் தவிர.
ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை,
மீதிச் சில்லறையை எண்ணித் தந்தாள்.

இரவு தொலைபேசி.
எலெயூத்தேரியோ. தாழ்ந்த குரல்,
பக்கத்தில் பிள்ளைகள் தூங்கவேண்டும்.
"இரண்டு நாளாய் ஒன்றுமே இல்லை.
இது எதற்கு முன்?"

தாளைப் பார்த்தேன். முதல் வரியை விட்டுவிட்டேன்.
காலணியைப் பற்றிச் சொன்னேன்.
"கழற்றவே இல்லையே" என்றார்.
சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.

தொலைபேசியை வைத்தபோது மணி நாலு.
மேசை ஆடியது, இலேசாக.
அல்லது என் முழங்கால்.
நோட்டில் நேரத்தைக் குறித்தேன்.
அடுத்த வரியில்
அதிர்வு என்று எழுதினேன்,
அதற்கு இடப்பக்கம்
ஒரு விரல் இடம் விட்டு.