பாத்திரம் துலக்கிவிட்டு வருகிறேன்

"இருங்கள், பாத்திரம் துலக்கிவிட்டு வருகிறேன்"
என்றாள் குன்வோர்.
ஆம்புலன்ஸ் படகை அவள் வீட்டுத் துறையில் கட்டிவிட்டு
பனி உறைந்த படிகளில் ஏறி வந்திருந்தோம்.
கையில் நுரை. நெற்றியில் வியர்வை.
வெளியே உறைநிலைக்குக் கீழே ஒன்பது டிகிரி.

அழைத்தவன் கணவன் ஆர்ன்ஃபின்,
படகுக் கொட்டகைக்குள் போய்
அவளுக்குக் கேட்காமல்.
"பெரிதாக ஒன்றுமில்லை. தாடை வலிக்கிறதாம்.
மீனுக்கு உப்பிட்டுக்கொண்டிருந்தவள்
பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.
முப்பத்தொரு வருஷமாகப் பார்க்கிறேன்,
பாதியில் உட்கார்கிறவள் இல்லை அவள்."

மாரடைப்பு என்கிறோம்.
பெயரில் இருக்கிற மார்பு
அவள் சொன்ன எதிலும் இல்லை.
தாடை என்றாள். நெஞ்சு கரிக்கிறதா என்றால்
இல்லை, வயிறுதான் என்றாள்.
ஹெர்ரிங் ஊறுகாய் ஒத்துக்கொள்ளவில்லையாம்.
இரண்டு நாளாய்த் தூக்கமில்லையாம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம்
தயாராக வைத்திருந்தாள்.

சமையலறை நாற்காலியிலேயே
பத்துக் கம்பிகளை ஒட்டினாள் ரிஸ்டென்.
காகிதம் நகர்ந்து வந்தது.
இதயத்தின் அடிச்சுவரைப் பார்க்கும் மூன்று கோடுகளும்
ஏறிவிட்டு
இறங்க மறந்திருந்தன.
ஒரு கம்பியைக் கழற்றி
மார்பின் வலப்பக்கம் மாற்றி ஒட்டினேன்.
அங்கும் அதே மேடு.

ஆகவே, நாவடியில் தெளிக்கும் மருந்து
பையிலேயே கிடந்தது.
வலியைத் தணிக்கும்தான். கூடவே
தத்தளிக்கும் வலது அறைக்கு வந்து சேர்கிற
கொஞ்ச ரத்தத்தையும் குறைத்துவிடும்.
இந்த வேலையில் நான் கற்றதில் பாதி
எதைக் கொடுக்கக் கூடாது என்பது.
ஆஸ்பிரினை மென்றாள்.
"சுண்ணாம்புக்கட்டி" என்றாள்.

ஹெலிகாப்டர் எழும்பாது, பனிப்புயல்.
அடைப்பைத் திறக்கிற ஆஸ்பத்திரி
படகும் சாலையுமாக நாலு மணி நேரம்.
காகிதம் மருத்துவருக்குப் போனது, அவர் குரல் எங்களுக்கு வந்தது:
அங்கேயே கரையுங்கள்.
மூளையில் ரத்தக்கசிவு உண்டா? இல்லை.
சமீபத்தில் அறுவை?
"போன வருஷம் ஒரு பல் பிடுங்கினேன், கணக்கில் வருமா?"
ஊசி நரம்பில் ஏறியது.

துறையில் அலை அவளை நனைத்தது.
படகுக்குள் ஏற்றியதும்
அவள் தோளில் கிடந்த பாத்திரத் துணியை எடுத்து
மார்பை ஒற்றினேன்,
ஈரத்தில் பட்டைகள் ஒட்டாது.
"அது சலவைத் துணி" என்று கோபித்துக்கொண்டாள்.
பட்டைகளை முன்கூட்டியே ஒட்டிவைத்தோம்.
தேவைப்படாது என்று சொன்னேன்.
பொய் இல்லை அது, நம்பிக்கை.

கலங்கரை விளக்கைத் தாண்டும்போது
பாதிச் சொல்லில் கண் செருகியது.
இரண்டு முறை வாய் திறந்தது, கரையில் போட்ட மீனைப் போல.
அதை மூச்சு என்று எண்ணி
எத்தனை வீடுகள் காத்திருந்திருக்கின்றன!
அது மூச்சு இல்லை.
திரையில் கோடு புழுவாய் நெளிந்தது.

"விலகுங்கள்."

அதிர்வு. பிறகு என் கைகள்.
தோர்கிரிம், யாரும் சொல்லாமலே,
படகின் வேகத்தைக் குறைத்தான்.
அலைக்கு ஒரு தாளம், எனக்கு ஒரு தாளம்,
இரண்டும் ஒத்துவரவில்லை.
ரிஸ்டென் எண்ணினாள், தன் தாய்மொழியான சாமியில்.
பதற்றத்தில் அவளுக்கு நார்வேஜிய எண்கள் வருவதில்லை.
இரண்டு நிமிஷம்.
மறுபடி விலகினோம்.
மறுபடி அழுத்தினேன். விலா ஒன்று
உள்ளங்கைக்குக் கீழே முறிந்தது.

அவள் கண் திறக்கவில்லை.
என் கையைத் தள்ளினாள், அவ்வளவுதான்.
என்னை யாரும் அவ்வளவு அழகாக
வேண்டாம் என்று சொன்னதில்லை.

நகரத்தில் உயிரோடு ஒப்படைத்தோம்.
அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது,
பெரும்பாலும் தெரிவதில்லை.

விடியலில் அறிக்கை எழுதினேன்.
முதல் அறிகுறி என்ற கட்டத்தில்
தேர்ந்தெடுக்க ஏழு சொற்கள் இருந்தன.
எதையும் தேர்ந்தெடுக்காமல் ஓரத்தில் எழுதினேன்:
பாதியில் உட்கார்ந்தாள்.
கண்டுபிடித்தவர் என்ற இடத்தில்
ஆர்ன்ஃபினின் பெயர்.